கேமரன் மலையில் கைப்பேசிக் கதிர்: கோபுரமா, கையில் இருப்பதா?

கேமரன் மலையின் குனோங் பிரிஞ்சாங் உச்சி 2,000 மீட்டரைச் சற்றுத் தாண்டி நிற்கிறது. பாசி படர்ந்த காட்டைப் பார்க்க ஜீப்பில் போகிறவர்கள் ஏறும் குறுகலான தார்ச்சாலை, சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்தின் ஊடாக வளைந்து வளைந்து போய், உச்சியில் ஒலிபரப்பு, தொலைத்தொடர்புக் கோபுரங்களின் காலடியில் முடிகிறது. மேகம் விலகிய நாளில் அந்தக் கம்பிக்கூட்டம் தொலைவிலிருந்தே கண்ணில் படும். தோட்டப்புறத்தில் கைப்பேசிக் கதிர் என்று பேச்செடுத்தால் விரல் இப்படிப்பட்ட கோபுரத்தின் பக்கம்தான் நீளும். உச்சியில் இருப்பதோ, தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்மேட்டில் புதிதாக முளைத்ததோ. தீராத தலைவலி, தூக்கமின்மை, நாலாவது வீட்டில் ஒருவருக்கு வந்த புற்றுநோய் என்று எல்லாவற்றுக்கும் அங்கே ஒரு பதில் நிற்கிறது, உயரமாக, சிவப்பு விளக்கோடு.

முப்பது ஆண்டுகளாக உலகம் முழுக்க நடந்துவரும் ஆய்வுகளை அடுக்கி வைத்துப் பார்த்தால், விரல் நீளவேண்டிய திசை வேறு என்று தெரிகிறது. உடம்புக்குள் அதிகக் கதிரைச் செலுத்துவது காதோடு ஒட்டியிருக்கும் கருவிதான். அதிலும் மலை நகரமான தானா ராத்தாவின் கடைத்தெருவில் நின்று பேசுகிறவரின் கருவியைவிட, சிக்னல் தேய்ந்த பள்ளத்து லயத்தில் இருந்து பேசுகிறவரின் கருவி கூடுதலாகச் செலுத்துகிறது. அது உடம்பைக் கெடுக்கிறதா என்பது அடுத்த கேள்வி. அதற்கு இதுவரை கிடைத்துள்ள பதில் பெரும்பாலும் ஆறுதலானது. முழுக்க ஆறுதலானது என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

முதலில் பயத்தைப் பற்றி. மலேசியாவின் பகாங்கிலும் பேராக்கிலும் இருப்பவர்களுக்குக் கதிர்வீச்சு என்றதும் வயிற்றைக் கலக்குவதில் நியாயம் உண்டு. ஈப்போவை அடுத்த புக்கிட் மேராவில் 1982இல் இயங்கத் தொடங்கிய ஏஷியன் ரேர் எர்த் ஆலை தோரியம் கலந்த கழிவை விட்டுச் சென்றது. ஊர் மக்கள் வழக்குப் போட்டார்கள்; 1992இல் உயர் நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது; மறு ஆண்டே மேல்முறையீட்டில் தீர்ப்பு கவிழ்ந்தது; ஆனாலும் 1994இல் ஆலை மூடப்பட்டது. கேமரன் மலை இருக்கும் அதே பகாங்கில், குவாந்தானுக்குப் பக்கத்துக் கெபேங்கில், 2012 முதல் லைனாஸ் ஆலை இயங்குகிறது. அதை எதிர்த்து நடந்த ஊர்வலங்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 'எல்லாம் பாதுகாப்பானது' என்று அதிகாரி சொன்னதைக் கேட்டுத் தலையாட்டக்கூடாது என்ற பாடத்தை இந்த நாட்டு மக்கள் காசு கொடுத்துக் கற்றிருக்கிறார்கள்.

ஆனால் தோரியத்தின் கதிரும் கைப்பேசியின் கதிரும் ஒரே சாதி அல்ல. தோரியம் உமிழ்வது அணுவிலிருந்து மின்னணுவைப் பிய்த்து எறியும் வலிமை கொண்டது. மரபணு இழையை நேரடியாக உடைக்கும். கைப்பேசி பயன்படுத்துவது வானொலி அலை. மலேசியாவில் 700 மெகாஹெர்ட்ஸ் தொடங்கி 5ஜிக்கான 3.5 கிகாஹெர்ட்ஸ் வரை அதன் அலைவரிசைகள் பரவியிருக்கின்றன. 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் ஒரு துகளில் உள்ள ஆற்றலைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு துகளோடு ஒப்பிட்டால், ஒளித்துகள் ஐந்து லட்சம் மடங்குக்கு மேல் வலியது. அந்த ஒளியே மரபணுவை உடைப்பதில்லை. ஆகவே கைப்பேசி அலை அணுக்கதிர் செய்யும் வேலையைச் செய்ய முடியாது. அது செய்வதாக ஐயமின்றி நிறுவப்பட்டிருப்பது ஒன்றுதான்: திசுவைச் சூடாக்குவது. மைக்ரோவேவ் அடுப்பு நீர் மூலக்கூறுகளை அசைத்துச் சோற்றைச் சூடாக்குவதும் இதே குடும்பத்து அலையால்தான். அடுப்பு பல நூறு வாட் திறனை மூடிய பெட்டிக்குள் கொட்டுகிறது. 4ஜி கைப்பேசி உச்சத்தில் போனாலும் 0.2 வாட் அளவுதான். பழைய 2ஜி கருவி ஒரு நொடியைப் பல துண்டுகளாக்கி 2 வாட் வரை வெட்டி வெட்டி உமிழும். சராசரி பார்த்தால் கால் வாட்.

இந்தச் சூட்டுக்குத்தான் உலக வரம்புகள் எல்லாம் கட்டப்பட்டிருக்கின்றன. அயனியாக்காக் கதிர்களுக்கான பன்னாட்டு ஆணையத்தின் வரம்பு, தலையில் ஏதேனும் 10 கிராம் திசு உறிஞ்சும் அளவு கிலோவுக்கு 2 வாட்டைத் தாண்டக்கூடாது என்பது. மலேசியா இதையே பின்பற்றுகிறது. அமெரிக்காவும் இந்தியாவும் 1 கிராம் திசுவைக் கணக்கில் எடுத்து 1.6 வாட் என்கின்றன. கைப்பேசிக் கடையில் பெட்டியின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'சார்' என்று போட்டிருப்பது இந்த அளவுதான். அந்த எண் ஆய்வகத்தில் கருவியை உச்சத் திறனில் ஓடவிட்டு எடுக்கப்படுகிறது. வீட்டில் நாம் பேசும்போது பெரும்பாலும் அதில் சிறு பகுதிதான் வரும். ஆனாலும் சோதனை வெறும் சடங்கு இல்லை: 2023 செப்டம்பரில் பிரான்சின் அலைவரிசை முகமை ஐபோன் 12ஐச் சோதித்தபோது, கையில் பிடிக்கும் நிலையில் வரம்பு கிலோவுக்கு 4 வாட் இருக்க, 5.74 வாட் காட்டியது. விற்பனை நிறுத்தப்பட்டது; நிறுவனம் மென்பொருளைத் திருத்தி அனுப்பியது.

இனி கோபுரம். கோபுரத்தின் உச்சியில் நீளப் பெட்டிகளாகத் தொங்கும் அலைவாங்கிகள் அலையை நாலா பக்கமும் குடைபோல் பொழிவதில்லை. ஏறத்தாழக் கிடையாக, சற்றே கீழ்நோக்கிச் சாய்ந்த கற்றையாக முன்னோக்கி வீசுகின்றன. அதனால் கோபுரத்தின் நேர் அடியில் அளவு குறைவு. சமவெளி ஊர்களில் இந்த விஷயத்தைச் சொல்லி மக்களைச் சமாதானப்படுத்துவார்கள். கேமரன் மலையில் அந்தச் சமாதானம் முழுக்கச் செல்லாது என்பதை யாரும் சொல்வதில்லை. இங்கே வீடுகள் சரிவில் இருக்கின்றன. ஒரு மேட்டில் நிற்கும் கோபுரத்தின் அலைவாங்கி, எதிர்ச்சரிவு வீட்டின் சன்னலுக்குச் சமமான உயரத்தில் இருந்தால், அந்த வீடு கற்றையின் நேர்முகத்தில்தான் இருக்கிறது.

சரி, நேர்முகத்திலேயே வைத்துக் கணக்குப் போடுவோம். கற்றை வீசும் திசையில் 3,000 வாட்டுக்கு இணையான வீச்சு என்று வைத்துக்கொண்டால், 100 மீட்டர் தொலைவில் சதுர மீட்டருக்கு 0.024 வாட் வரும். மலேசியா 2010இல் அறிவித்த கட்டாயத் தரம் பன்னாட்டு வரம்பையே ஏற்றுக்கொண்டது. 900 மெகாஹெர்ட்ஸில் அது சதுர மீட்டருக்கு 4.5 வாட். நம் கணக்கில் வந்தது அதில் அரை சதவீதம். 300 மீட்டருக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும், ஏனென்றால் தொலைவு மும்மடங்கானால் அலையின் அடர்த்தி ஒன்பதில் ஒன்றாகும். இது தாளில் போட்ட கணக்குத்தானே என்று கேட்கலாம். பல நாடுகளில் கோபுரங்களுக்கு அருகே நேரில் அளந்த ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனம் சொன்னதும் இதே கதைதான்: பன்னாட்டு வரம்பில் 0.002 முதல் 2 சதவீதம் வரை.

இந்தியா இந்த வரம்பு போதாது என்று 2012 செப்டம்பர் 1 முதல் கோபுரங்களுக்கான அளவைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தது. 900 மெகாஹெர்ட்ஸில் 0.45 வாட். கேமரன் மலையின் நம் கற்பனைக் கோபுரம் அந்த இந்திய வரம்பிலும் இருபதில் ஒரு பங்கைத்தான் எட்டும். அந்த எதிர்ச்சரிவு வீட்டுக்காரரின் முழு உடம்பும் சராசரியாக உறிஞ்சும் அளவு கிலோவுக்கு வாட்டில் பத்தாயிரத்தில் நாலு பங்கு. அதே வீட்டில் அவர் மோசமான சிக்னலில் கைப்பேசியைக் காதில் வைத்தால், காதுப்பக்கத் திசு கிலோவுக்கு 1 வாட் வரை உறிஞ்சலாம். முழு உடம்பையும் தலையின் ஒரு மூலையையும் நேருக்கு நேர் ஒப்பிடக்கூடாதுதான். ஆனால் வித்தியாசம் ஆயிரம் மடங்குக்கு மேல் போகும்போது எந்தப் பக்கம் கவனிக்க வேண்டும் என்பதில் குழப்பமில்லை.

கைப்பேசியும் கோபுரமும் ஒன்றோடொன்று ஓயாமல் பேரம் பேசிக்கொண்டிருக்கின்றன. சிக்னல் நன்றாக இருந்தால் கோபுரம் கருவியிடம், குரலைத் தாழ்த்து என்கிறது. கருவி தன் திறனைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்ளும். பேட்டரி மிச்சம், பக்கத்து அழைப்புகளுக்கு இடைஞ்சல் இல்லை. நடுவில் ஒரு மலை வந்துவிட்டால் கருவி உச்சத்துக்கு ஏறும். மூடுபனி இந்த அலைகளைப் பெரிதாகத் தடுப்பதில்லை, கேமரன் மலையில் பலரும் நினைப்பதற்கு மாறாக. தடுப்பது மலைமுகடும், ஈரம் சொட்டும் காடும், வீட்டின் தகரக் கூரையும்தான். தோட்டங்களில் சன்னல் கட்டையின் ஒரு குறிப்பிட்ட மூலையில் கைப்பேசி சாத்தி வைக்கப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அந்த மூலையில் இரண்டு கோடு, ஒரு முழம் தள்ளினால் ஒன்றுமில்லை. வீட்டுக்காரர் கையை நீட்டி அலைகிற மாதிரியே, உள்ளே கருவியும் தன்னால் முடிந்த மட்டும் உரக்கக் கூவிக்கொண்டிருக்கிறது. சாயங்காலத்துக்குள் பேட்டரி தீர்ந்துபோகிறது என்று அலுத்துக்கொள்கிறார்களே, அந்த மின்சாரத்தில் ஒரு பகுதி இந்தக் கூவலுக்குப் போனதுதான்.

சுவீடனில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2004இல் வெளியான ஆய்வு ஒன்று, கைப்பேசிகள் எந்தத் திறனில் இயங்கின என்று வலையமைப்பின் பதிவிலிருந்தே எடுத்தது. நாட்டுப்புறத்தில் அழைப்பு நேரத்தில் ஏறத்தாழப் பாதி, உச்சத் திறனில் கழிந்தது. நகரத்தில் கால் பங்கு. மிகக் குறைந்த திறனில் கழிந்தது நாட்டுப்புறத்தில் 3 சதவீதம், நகரத்தில் 22 சதவீதம். அடுத்த ஆண்டே லென்னார்ட் ஹார்டெல் குழுவினர், நாட்டுப்புறத்தில் டிஜிட்டல் கைப்பேசி பயன்படுத்தியவர்களுக்கு மூளைக்கட்டி அபாயம் கூடுதல் என்று எழுதினார்கள். எண்ணிக்கை சிறியது, பின்னால் வேறு குழுக்கள் அதை உறுதிப்படுத்தவில்லை. ஆனால் திறன் பற்றிய அளவு மட்டும் அசைக்க முடியாதது. கோபுரம் வேண்டாம் என்று தோட்டத்தில் கையெழுத்து வாங்கிக் கோபுரத்தை இரண்டு மைல் தள்ளி வைத்தால், அங்குள்ளவர்களின் தலைக்குள் போகும் கதிர் கூடுமே தவிரக் குறையாது.

கோபுரம் தள்ளிப்போனால் வேறு விலையும் உண்டு. 2013 அக்டோபரில் ஒரு நள்ளிரவில் ரிங்லெட்டின் சுல்தான் அபு பக்கார் அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்பட்டு, பெர்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளும் உயிர்களும் போயின. நிலச்சரிவும் வெள்ளமும் வாடிக்கையான மலையில் சிக்னல் ஆடம்பரம் ஆகாது. 2020 மார்ச்சில் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடம் இணையத்துக்குப் போனபோது, சபாவின் பித்தாஸில் ஒரு மாணவி தேர்வெழுத மரத்தின் மேல் ஏறி இரவைக் கழித்தது நாடு முழுக்கப் பேசப்பட்டது.

தொழில்நுட்பம் மாறுவதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2021 முடிவோடு மலேசியாவில் 3ஜி மூடப்பட்டது. 4ஜியில் குரல் அழைப்பு வசதி இல்லாத மலிவான, பழைய கருவிகள் பேசுவதற்காக 2ஜிக்கு இறங்கின. நல்ல சிக்னலில் 3ஜி, 4ஜி கருவிகள் உமிழும் சராசரி அளவு 2ஜி அளவில் நூறில் ஒன்றுக்கும் கீழே போகும். தோட்டத்தில் யார் கையில் பழைய கருவி இருக்கிறது? பெரும்பாலும் வயதானவர்களிடமும், இரண்டாங்கைக் கருவி வாங்கிய வெளிநாட்டுத் தொழிலாளர்களிடமும். 1929இல் போ தோட்டம் தொடங்கிய காலத்தில் தமிழர்களால் நிரம்பியிருந்த தேயிலை மலையில் இன்று வங்காளதேசத்தவர்களும் நேப்பாளிகளும் இந்தோனேசியர்களும்தான் அதிகம். ராத்திரி வீட்டோடு பேசும் ஒரு மணி நேரம்தான் அவர்களுடைய நாளின் மிச்சம்.

இப்போது புற்றுநோய்.

13 நாடுகள் சேர்ந்து நடத்திய 'இன்டர்போன்' ஆய்வு 2010இல் வெளிவந்தது. மூளைக்கட்டி வந்தவர்களையும் வராதவர்களையும் உட்காரவைத்து, முன்பு எவ்வளவு பேசினீர்கள் என்று கேட்டார்கள். முடிவு விசித்திரமானது. கைப்பேசி பயன்படுத்தியவர்களுக்கு ஒட்டுமொத்தமாக அபாயம் குறைவு போலத் தெரிந்தது. கைப்பேசி மூளையைக் காக்கிறது என்று இதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை; ஆட்களைத் தேர்ந்தெடுத்ததில் கோணல் இருந்திருக்கிறது. அதே ஆய்வில், வாழ்நாளில் மொத்தம் 1,640 மணி நேரத்துக்கு மேல் பேசிய உச்சப் பத்துச் சதவீதத்தினருக்கு, கிளையோமா என்னும் கட்டி 40 சதவீதம் கூடுதலாக வந்தது. 1,640 மணி என்பது பத்தாண்டில் நாளொன்றுக்கு 27 நிமிடம். ஆனால் அந்தப் பிரிவில் சிலர் நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் பேசியதாகச் சொல்லியிருந்தார்கள். தலையில் கட்டி வந்தவர் காரணம் தேடி நினைவைக் கூட்டிச் சொல்வது மனித இயல்பு.

அந்த 40 சதவீதமும் ஹார்டெலின் சுவீடன் ஆய்வுகளும்தான், லியோனில் இருக்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2011 மே 31 அன்று வானொலி அலைகளை '2பி' பட்டியலில் சேர்க்கக் காரணம். புற்றுநோய் தரக்கூடும், ஆனால் சான்று போதவில்லை என்பது அந்தப் பட்டியலின் பொருள். செய்தித்தாள்கள் அந்த இரண்டாம் பாதியை விழுங்கிவிட்டன. ஆசிய முறை ஊறுகாய்க் காய்கறிகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. தேயிலைத் தோட்டத்தைப் பற்றி எழுதும்போது இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 65 டிகிரிக்கு மேல் சூடாகக் குடிக்கும் எந்தப் பானத்தையும் அதே முகமை 2016இல் '2ஏ' பட்டியலில் வைத்தது. கைப்பேசியைவிட ஒரு படி மேல். ஈரானின் கோலஸ்தான் மாநிலத்தில் 50,000 பேரைத் தொடர்ந்த ஆய்வில், 60 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் நாளொன்றுக்கு 700 மில்லிக்கு மேல் தேநீர் குடித்தவர்களுக்கு உணவுக்குழாய்ப் புற்று 90 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. கொதிக்கக் கொதிக்க டீயை உறிஞ்சிக்கொண்டே கோபுரத்தைத் திட்டுபவர்களை நானும் பார்த்திருக்கிறேன். இந்தப் பட்டியல்கள் சான்று எவ்வளவு உறுதி என்பதைத்தான் சொல்கின்றன. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல.

2011க்குப் பிறகு வந்த பெரிய ஆய்வுகள் சில, பழைய நினைவை நம்பாமல், ஆட்களை முன்கூட்டியே பதிவுசெய்து பல ஆண்டுகள் தொடர்ந்தன. பிரிட்டனின் பத்து லட்சம் பெண்கள் ஆய்வு 7,76,156 பேரின் தரவை வைத்து 2022இல், கைப்பேசிக்கும் மூளைக்கட்டிக்கும் தொடர்பு தென்படவில்லை என்றது. ஐந்து ஐரோப்பிய நாடுகளின் 'காஸ்மோஸ்' ஆய்வு 2,64,574 பேரைத் தொடர்ந்து 2024இல் அதையே சொன்னது. பிள்ளைகளைப் பற்றிய கவலைக்கு, 10 முதல் 24 வயது வரையிலானவர்களை 14 நாடுகளில் ஆராய்ந்த 'மோபி-கிட்ஸ்' இருக்கிறது. இந்தியாவும் அதில் ஒரு நாடு. அங்கும் அபாயம் கூடவில்லை. உலக சுகாதார நிறுவனம் கேட்டு 63 ஆய்வுகளைத் தொகுத்த 2024ஆம் ஆண்டுத் திறனாய்வின் முடிவும் அதுவே. எனக்கு இவை எல்லாவற்றையும்விட அழுத்தமாகப் படுவது வேறொன்று. நார்டிக் நாடுகளிலும் ஆஸ்திரேலியாவிலும் புற்றுநோய்ப் பதிவேடு பல பத்தாண்டுகளாகப் பழுதில்லாமல் இருக்கிறது. கைப்பேசி ஒரு சிலர் கையிலிருந்து எல்லோர் கைக்கும் போன காலத்தில் அங்கே மூளைக்கட்டி எண்ணிக்கை அதற்கேற்ப எகிறவே இல்லை.

அப்படியானால் விஷயம் முடிந்ததா? எலிகள் முடிய விடவில்லை. அமெரிக்காவின் தேசிய நச்சியல் திட்டம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், எலிகளின் முழு உடம்பிலும் நாளுக்கு 9 மணி நேரம், இரண்டு ஆண்டுகள், கிலோவுக்கு 1.5 முதல் 6 வாட் வரை செலுத்தினார்கள். ஆண் எலிகளின் இதயத்தில் ஷ்வானோமா என்னும் அரிய கட்டி வந்தது. 'தெளிவான சான்று' என்றே அறிக்கை எழுதியது. பெண் எலிகளில் அந்தத் தெளிவு இல்லை. கதிர் பட்ட ஆண் எலிகள் கதிர் படாதவற்றைவிட அதிக நாள் உயிரோடு இருந்தன என்பது இன்னொரு புதிர். இத்தாலியின் ராமாசினி நிறுவனமும் அதே ஆண்டு, குறைந்த அளவில், அதே வகைக் கட்டியைக் கண்டது. 2025இல் உலக சுகாதார நிறுவனத்துக்காகச் செய்யப்பட்ட விலங்காய்வுத் தொகுப்பு, ஆண் எலிகளில் இதய ஷ்வானோமாவுக்கும் கிளையோமாவுக்கும் சான்றின் உறுதி உயர்ந்தது என்று மதிப்பிட்டது.

ஒரே நிறுவனத்துக்காக எழுதப்பட்ட இரண்டு தொகுப்புகள், ஒன்று மனிதரில் இல்லை என்கிறது, மற்றது எலியில் உண்டு என்கிறது. இரண்டும் உண்மையாக இருக்க முடியும். காதில் வைத்துப் பேசும் மனிதருக்குத் தலையின் ஒரு பக்கம்தான் அந்த அளவு படுகிறது, அதுவும் சில நிமிடம். எலிக்கு நாளுக்கு 9 மணி நேரம், உடம்பெல்லாம். ஆனால் வெறும் சூடு மட்டுமே தீங்கு என்ற அடிப்படையில் கட்டிய வரம்புகளுக்கு இந்த எலிகள் எறிந்த கேள்வி சின்னதில்லை. புற்றுநோய் முகமையின் ஆலோசனைக் குழுவே 2024இல், வானொலி அலைகளை மறுபடி மதிப்பிடுவதற்கு முன்னுரிமை தரவேண்டும் என்று பரிந்துரைத்துவிட்டது.

இரண்டாவது திறந்த கேள்வி ஆண்மலடு. சுவிட்சர்லாந்தில் 2005 முதல் 2018 வரை ராணுவத் தேர்வுக்கு வந்த 2,886 இளைஞர்களின் விந்தைச் சோதித்ததில், நாளுக்கு 20 தடவைக்கு மேல் கைப்பேசி பயன்படுத்துவதாகச் சொன்னவர்களுக்கு விந்தணு அடர்த்தி குறைந்திருந்தது. கால்சட்டைப் பையில் வைத்ததற்கும் அதற்கும் தொடர்பு தெரியவில்லை. 2ஜி போய் 4ஜி வரவர அந்தத் தொடர்பு மெலிந்தது என்பது, கருவியின் திறனைப் பற்றி மேலே சொன்னதோடு ஒத்துப்போகிறது. ஓயாமல் கைப்பேசி பார்ப்பவர் தூங்குவதும் அசைவதும் குறைவாக இருக்கலாம் என்ற மாற்று விளக்கமும் இருக்கிறது.

தலைவலியும் தூக்கமின்மையும்? இவற்றைச் சோதிப்பது எளிது. அலைக்கு ஒவ்வாமை உண்டு என்று சொல்பவர்களை ஓர் அறையில் உட்காரவைத்து, அலை ஓடுகிறதா நின்றிருக்கிறதா என்று சொல்லாமல் கேட்க வேண்டும். 2010 வரை நடந்த இப்படிப்பட்ட 46 சோதனைகளில் 1,175 பேர் கலந்துகொண்டார்கள். வலி நிஜம். ஆனால் அலை ஓடாதபோதும் ஓடுவதாக நினைத்தால் அதே வலி வந்தது. இன்னும் மின்சாரமே இணைக்கப்படாத புதுக் கோபுரத்தின் அடியில் தலை சுற்றுகிறது என்று புகார் வருவதற்கு இதுதான் விளக்கம். தூக்கம் கெடுவதற்கு அலையைத் தேட வேண்டியதில்லை, நள்ளிரவு வரை ஒளிரும் திரையே போதும்.

தமிழர்களுக்கு இந்தப் பயத்தைப் படமாகக் காட்டியவர் ஷங்கர். 2018இல் வந்த '2.0'இல் அக்ஷய் குமாரின் பறவையியலாளர் கோபுரத்தில் தொங்கி உயிர்விட்டு, ஊரின் கைப்பேசிகளை எல்லாம் பறக்கவிட்டுப் பழிவாங்குவார். இந்தியக் கைப்பேசி நிறுவனங்களின் சங்கம் தணிக்கைக் குழுவுக்குப் புகார் எழுதியதே படத்துக்கு நல்ல விளம்பரம். அலை பறவைகளைக் கொல்கிறது என்பது அந்தப் பாத்திரத்தின் வாதம். பிரிட்டனிலோ சிட்டுக்குருவி குறையத் தொடங்கியது 1970களின் இறுதியில், கைப்பேசி வருவதற்கு முன்பே. ஆனால் திரையில் பார்த்ததைக் கணக்கு மாற்றாது. நீதிமன்றங்களும் ஒரே பக்கம் சாயவில்லை. குவாலியரில் வீட்டு வேலை செய்து பிழைத்த, ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா நோய் கண்ட ஒருவரின் மனுவை ஏற்று 2017இல் இந்திய உச்ச நீதிமன்றம் பக்கத்துக் கோபுரத்தை நிறுத்தச் சொன்னது. 2021இல் நடிகை ஜூஹி சாவ்லா 5ஜிக்கு எதிராகப் போட்ட வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் தள்ளி, 20 லட்சம் ரூபாய் செலவுத்தொகையும் விதித்தது. பின்னர் அது 2 லட்சமாகக் குறைந்தது. மலேசியாவில், எஸ்.எம். முகமது இத்ரிஸ் நெடுங்காலம் தலைமை வகித்த பினாங்கு பயனீட்டாளர் சங்கம் குடியிருப்புக் கோபுரங்களுக்கு எதிராகப் பலமுறை குரல் கொடுத்திருக்கிறது. அச்சங்கம் பூச்சிமருந்து, உணவு நச்சு என்று எத்தனையோ விஷயத்தில் சரியாகச் சொன்னது. கோபுர விஷயத்தில் குறி தவறிவிட்டது என்பது என் எண்ணம்.

பூச்சிமருந்து என்றதும் நினைவுக்கு வருகிறது. 2002இல் தெனாகனித்தா அமைப்பு தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைச் சோதித்து வெளியிட்ட அறிக்கை, நகம் கழன்றது முதல் மூச்சுத்திணறல் வரை எழுதிவைத்தது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட் என்னும் களைக்கொல்லியைத் தடைசெய்தது, 2006இல் தடையைத் தளர்த்தியது, கடைசியாக 2020 சனவரி 1 முதல்தான் மறுபடி முழுத்தடை. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை கோபுர எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்திருக்கும்! இன்னொரு கதிர் தோட்டத்துக்காரர் தலைமேலேயே இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் புற்றுநோய் முகமையின் முதல் பட்டியலில், ஐயத்துக்கு இடமின்றி, உட்கார்ந்திருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் அது பத்துச் சதவீதம் அளவு கூடும். தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல், அதுவும் நிலநடுக்கோட்டுக்கு அருகே. குளிர் காற்றில் வெயில் உறைப்பதில்லை, மெல்லிய மேகம் அதை முழுக்க மறைப்பதும் இல்லை. கருத்த தோலுக்குத் தோல் புற்று அபாயம் குறைவுதான். கண்புரைக்கு அந்தச் சலுகை கிடையாது. கொழுந்து வெட்டக் கத்திரி பிடித்தும், இரண்டு பேர் தூக்கும் இயந்திரம் பிடித்தும் நாள் முழுக்கச் சரிவில் நிற்பவருக்கு அகன்ற விளிம்புத் தொப்பி தருவது எந்தக் கதிர்த்தடுப்பு அட்டையையும்விட மலிவு. கைப்பேசிப் பின்புறத்தில் ஒட்டும் 'கதிர் தடுக்கும்' வில்லைகள் ஏமாற்று. சில, சிக்னலை மறைத்துக் கருவியை இன்னும் உரக்கக் கூவ வைக்கும்.

லயத்தில் இருப்பவர் செய்யக்கூடியது அதிகமில்லை, எளிது. கோடு ஒன்றாகத் தேய்ந்த இடத்தில் கருவியைக் காதில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் பேசாமல், ஒலிபெருக்கியிலோ கம்பி வைத்த காதொலிப்பானிலோ பேசலாம். ஒரு முழம் தள்ளினாலே தலைக்குப் போவது மிகச் சிறு பகுதியாகிவிடும். வீட்டில் வைஃபை இருந்தால் அழைப்பை அதன் வழியே விடலாம். 4ஜி குரல் அழைப்பு உள்ள கருவிக்கு மாறலாம். இதய முடுக்கி வைத்தவர் சட்டைப்பையில் வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைக்க வேண்டும். இது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாத மருத்துவ ஆலோசனை.

மீதி வேலை மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்துடையது. கோபுரத்தைச் சுற்றி அலையை அளந்து, வரம்புக்குள் இருக்கிறது என்று அறிவிப்பது வழக்கம். கேமரன் மலையில் அதோடு நிறுத்தக்கூடாது. ரிங்லெட் பக்கத்துப் பள்ளங்களில் உள்ள லயங்களுக்குள் போய், தகரக் கூரைக்குக் கீழே, ஒரு சாதாரணக் கைப்பேசி அழைப்பின்போது எந்தத் திறனில் இயங்குகிறது என்று பதிவுசெய்ய வேண்டும். சுவீடனில் இருபது ஆண்டுக்கு முன் செய்ததுதான். அந்த எண்களைத் தோட்ட அலுவலகப் பலகையில் மலாய், தமிழ், வங்காளம், நேப்பாளி நான்கிலும் ஒட்டினால், அடுத்த கோபுரத்தை எங்கே வைப்பது என்று தோட்டத்தில் இருப்பவர்களே வரைபடத்தில் காட்டுவார்கள்.